ஒற்றைப் பையோடு வன்னிக்கு: கொழும்பிலிருந்து முதன்முறை தனியாகப் போகிறவர்களுக்கு

வெள்ளவத்தையில் ஓர் அறைக்குள் நான்கு பேராகத் தங்கி வேலைக்குப் போய்வரும் ஒரு தம்பி, தைப்பொங்கல் முடிந்த கையோடு என்னிடம் வந்தான். "அண்ணை, மூண்டு நாள் லீவு இருக்கு. சத்தம் இல்லாத இடமா ஒண்டுக்குத் தனியப் போகவேணும். எல்லாரும் எல்லவுக்கும் அப்புத்தளைக்கும் போகினம். அங்கையும் இப்ப சனம்தானே" என்றான். நான் என் ஊரைச் சொன்னேன். முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, முத்தையன்கட்டு. "அங்கை என்ன அண்ணை இருக்கு?" என்று கேட்டான். குளம், காடு, வயல், கொஞ்சத் தூரம் போனால் கடல் என்றேன். மலை மட்டும் இல்லை. வன்னியில் உயரம் என்றால் குளக்கட்டுத்தான். ஆனால் விடிகாலையில் அந்தக் கட்டில் ஏறி நின்று, ஒரு பக்கம் தண்ணீரும் மற்றப் பக்கம் கதிர் முற்றிய வயலுமாகப் பார்த்தவர்களுக்கு மலை இல்லாதது குறையாகத் தெரியாது.

அவனுக்குக் கொப்பித் தாளில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். போய் வந்தான். அதைப் பார்த்துவிட்டு வேறு சிலரும் கேட்டார்கள். அந்தத் தாளைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். சொந்த வாகனம் இல்லாமல், முதுகில் ஒரு பையோடு, முதன்முறை தனியாகப் போகிறவர்களை மனதில் வைத்து எழுதியது இது.

முதலில் பாதை

வன்னி பெரிய நிலம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கையும் மூன்று நாளில் பார்த்து முடிக்க நினைக்காதீர்கள். பஸ்ஸில் இருந்தே நாள் போய்விடும். முதல் பயணத்துக்கு ஒரு வட்டம் போதும். ஏ9 வீதி வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் என்று நடுவால் வடக்கே போகிறது. அதிலிருந்து கிழக்கே இரண்டு வீதிகள் பிரிகின்றன. மாங்குளத்திலிருந்து ஏ34, பரந்தனிலிருந்து ஏ35. இரண்டும் முல்லைத்தீவில்தான் முடிகின்றன, இரண்டும் ஏறக்குறைய 50 கிலோமீற்றர். ஆகவே மாங்குளத்தால் உள்ளே போய், பரந்தனால் வெளியே வாருங்கள். போன வழியாலேயே திரும்பத் தேவையில்லை. மடு, மன்னார், பூநகரிப் பக்கம் எல்லாம் அடுத்த முறைக்கு இருக்கட்டும்.

பாதை தெரிந்துவிட்டது. இனி ஒரு கணக்கு. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைக்கலாம் என்றால் இதை வையுங்கள்: வன்னியில் ஒரு நாளைக் கடைசி பஸ்ஸிலிருந்து பின்னோக்கித் திட்டமிட வேண்டும். கொழும்பில் ஒரு பஸ் போனால் பின்னாலே இன்னொன்று வரும். இங்கே பிரதான வீதியை விட்டு உள்ளே போகிற பஸ் ஒரு நாளைக்குச் சில தடவைதான். பள்ளிக்கூட நேரத்துக்கு ஒன்று, கச்சேரி (மாவட்டச் செயலகம்) அலுவல் நேரத்துக்கு ஒன்று, பின்னேரம் ஒன்று என்று அது ஊரின் தேவைக்கு ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமையும் போயா நாளிலும் அதிலும் குறையும். ஓரிடத்தில் இறங்கியதும், படம் எடுப்பதற்கு முன், தண்ணீர் குடிப்பதற்கும் முன், "திரும்பிப் போக கடைசி பஸ் எத்தினை மணிக்கு?" என்று கேளுங்கள். ஒருவரிடம் கேட்டால் போதாது. கடைக்காரரிடம் ஒரு தடவை, தரிப்பிடத்தில் நிற்கிற ஒருவரிடம் இன்னொரு தடவை. இருவரும் சொன்னதில் முந்திய நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

எப்போது போவது

தை நடுவிலிருந்து பங்குனி முடியும் வரை. மாரி மழை ஓய்ந்திருக்கும், குளங்கள் நிரம்பியிருக்கும், காலபோக நெல் விளைந்து அறுவடை நடக்கும். காற்றில் வைக்கோல் மணம் இருக்கும். ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவமழைக் காலம். மழையில் வன்னி அழகுதான், ஆனால் புதியவருக்கு அது கஷ்டம். குளங்கள் நிரம்பி வான் பாயும்போது வீதிகள் அறுபடும். 2025 நவம்பரில் டித்வா புயல் மழையில் ஏ35 வீதியில் பாலம் உடைந்து, பிறகு தற்காலிக இரும்புப் பாலம் போட்டுத்தான் போக்குவரத்து நடந்தது. ரயில் பாதைகளும் அடிபட்டன. பெரிய மழைக்குப் பிறகு எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று விசாரிக்காமல் புறப்படாதீர்கள். 1919 என்ற அரச தகவல் இலக்கத்தில் தமிழிலேயே கேட்கலாம்.

வைகாசி முதல் ஆவணி வரை நல்ல வெயில், புழுதி, கச்சான் காற்று. அந்த நாட்களில் போகிறவர்களுக்கு ஒரு பரிசு உண்டு: பாலைப்பழம். காட்டில் பழுத்ததைப் பறித்து வந்து வீதியோரத்தில் விற்பார்கள். மஞ்சள் நிறத்தில் சின்னதாக இருக்கும். அப்படியொரு இனிப்பு. பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும், கழுவினாலும் கொஞ்ச நேரம் பிசுபிசுவென்று இருக்கும். அதைப் பார்த்து பயப்பட வேண்டாம்.

பைக்குள் என்ன

தோளில் மாட்டி ஒரு கிலோமீற்றர் வெயிலில் நடந்து பாருங்கள், புறப்படுவதற்கு முதல் நாள், உங்கள் தெருவிலேயே. கஷ்டமாக இருந்தால் பாதியை வெளியே எடுங்கள். ஆறேழு கிலோவுக்கு மேல் வேண்டாம். பஸ்ஸில் அந்தப் பையை மடியில்தான் வைக்கப் போகிறீர்கள்.

இரண்டு மாற்றுடுப்பு, ஒரு சாரம் அல்லது நீளப் பாவாடை, மெல்லிய துவாய் ஒன்று. சாரம் குளிக்கவும் உதவும், படுக்கவும் உதவும், கோயிலுக்குப் போகும்போதும் உதவும். தொப்பி. பூட்டிய சப்பாத்து வேண்டும், செருப்பு மட்டும் போதாது. ஒரு ரோச் லைட் கட்டாயம். போன் வெளிச்சத்தை நம்பாதீர்கள், இருட்டில் பாம்பு கிடக்கும் பாதையில் போன் வெளிச்சம் அதிகத் தூரம் காட்டாது. நுளம்புக்குப் பூசுகிற மருந்து, வழமையாகப் போடுகிற மாத்திரைகள், வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற ஜீவனி இரண்டு பைக்கற், பவர் பாங்க், அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு. ஏதாவது ஓர் இடத்தில் கேட்பார்கள், உடனே எடுத்துக் கொடுக்கக்கூடிய இடத்தில் வையுங்கள்.

தண்ணீர் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று லீற்றர் குடிப்பீர்கள். ஆகவே ஒரு லீற்றர் போத்தல் குறைந்தது இரண்டு வேண்டும். வவுனியாவிலும் உலர்வலயத்தின் மற்ற இடங்களிலும் காரணம் சரியாகக் கண்டுபிடிக்கப்படாத சிறுநீரக நோய் இருக்கிறது. அதனால் பல ஊர்களில் வடிகட்டிய குடிநீரைத்தான் சனங்களே வாங்கிக் குடிக்கிறார்கள். நீங்களும் அதையே கேட்டு நிரப்புங்கள். "குடிக்கிற தண்ணி எங்கை அக்கா எடுக்கலாம்?" என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். அநேகமாக வீட்டுக்குள் கூப்பிட்டுச் செம்பில் தருவார்கள்.

காசு: வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு நகரங்களில் வங்கி இயந்திரம் உண்டு. இடையில் இருக்கிற எல்லா ஊரிலும் அதை எதிர்பார்க்க வேண்டாம். நூறும் ஐந்நூறுமாக மாற்றி வையுங்கள். உள்ளூர் பஸ்ஸில் ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டினால் நடத்துநருக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம்.

இரவுப் பயணம்

கொழும்புக் கோட்டையிலிருந்து வடக்குப் பாதை ரயில் குருநாகல், மாகோ, அநுராதபுரம், மதவாச்சி தாண்டி வவுனியாவுக்கு வரும். வவுனியாவுக்கு அப்பால் ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், கிளிநொச்சி. போர்க்காலத்தில் இந்த ரயில் வவுனியாவோடு நின்றுவிட்டிருந்தது. 2013இல்தான் கிளிநொச்சிக்கும், 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் மறுபடி ஓடத் தொடங்கியது. தனியாகப் போகிறவருக்கு நான் ரயிலைத்தான் சொல்வேன். எழுந்து நடக்கலாம், கழிவறை இருக்கிறது. இருக்கை பதிவு ஒரு மாதத்துக்கு முன்பே திறந்துவிடும், நீண்ட விடுமுறை என்றால் சீக்கிரம் முடிந்தும் விடும். மாங்குளத்தில் எல்லா ரயிலும் நிற்காது. ரிக்கற் எடுக்கும்போதே கேளுங்கள்.

பஸ் என்றால் புறக்கோட்டையிலிருந்தும் வெள்ளவத்தையிலிருந்தும் யாழ்ப்பாணம் போகிற இரவுப் பஸ்கள் பெரும்பாலும் ஏ9 வழியாகத்தான் போகும். இதில் புதியவர்கள் விடுகிற பிழை ஒன்று இருக்கிறது. இரவு எட்டு, ஒன்பது மணிக்கு ஏறி, மாங்குளத்தில் இறக்கிவிடச் சொல்கிறார்கள். பஸ் அங்கே விடியற்காலை மூன்று, நான்கு மணிக்குப் போய்விடும். கடைகள் பூட்டிக் கிடக்கும், நாய்கள் நிற்கும், உள்ளே போகிற பஸ் வர இன்னும் மணித்தியாலக் கணக்காகும். நேரம் கெட்ட நேரமாக இருந்தால் மாங்குளம் வரை போகாமல் வவுனியாவிலேயே இறங்கிவிடுங்கள். நகரம், வெளிச்சம் இருக்கும், ஆட்கள் நிற்பார்கள். பொழுது புலர்ந்தபின் முதல் பஸ்ஸை எடுங்கள். வவுனியாவிலிருந்து மாங்குளம் 40 கிலோமீற்றர் சொச்சம்தான்.

இப்படிச் செய்தால் இன்னொரு நன்மையும் உண்டு. அந்த 40 கிலோமீற்றரைப் பகலில் பார்க்கலாம். காடு இரண்டு பக்கமும் கிட்ட வந்து, விலகி, மறுபடி கிட்ட வரும்.

மாங்குளம் சந்தி

காலை ஏழரை மணிக்கு மாங்குளம் சந்தியில் நிற்கிறீர்கள் என்று வையுங்கள். வீதியில் பனி இன்னும் முழுதாகக் கலையவில்லை. ஒரு தேத்தண்ணிக் கடையில் அடுப்பு மூட்டியாகிவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் றோல்ஸ், வாய்ப்பன், உழுந்து வடை. அங்கே போய் ஒரு பிளேன்ரீ சொல்லுங்கள். கிளாசை மேசையில் வைத்துக்கொண்டே உங்கள் பையைப் பார்ப்பார்கள். பிறகு கேள்வி வரும்: "எங்கை போறியள் தம்பி?" அடுத்தது, "எந்த இடம்?" அதற்கும் அடுத்தது, "ஆற்றை பிள்ளை?"

இந்தக் கேள்விகளைத் துருவல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கொழும்பில் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் கூச்சமாக இருக்கும். இடம்பெயர்ந்து, பிரிந்து, திரும்பி வந்து சேர்ந்த சனங்கள் இவர்கள். ஆளை ஊரோடும் உறவோடும் சேர்த்துத்தான் அவர்களுக்கு விளங்கும். உண்மையைச் சொல்லுங்கள். ஹட்டனோ, கொட்டாஞ்சேனையோ, சென்னையோ, கனடாவில் பிறந்ததோ, எதுவானாலும் சரி. ஹட்டன் என்றால் "எங்கடை பக்கத்து வளவுக்காரரும் அங்கத்தை ஆக்கள்தான்" என்று ஒருவர் சொல்லக்கூடும். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். மலை இல்லாத இந்த நிலத்தில் மலையகத்துப் பேச்சு கேட்பது அதனால்தான்.

உங்களைவிட மூத்த ஆணை அண்ணை என்றும், பெண்ணை அக்கா என்றும், வயதானவர்களை ஐயா, அம்மா என்றும் கூப்பிடுங்கள். "ஹலோ", "பாஸ்" வேண்டாம். முல்லைத்தீவு பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டால், "அந்த மரத்தடியிலை நில்லுங்கோ, இப்ப வந்திடும்" என்பார்கள். அந்த "இப்ப" ஐந்து நிமிடமாகவும் இருக்கலாம், முக்கால் மணித்தியாலமாகவும் இருக்கலாம். நிழலில் நில்லுங்கள். பஸ் வந்ததும் முன் இருக்கைகளில் உட்காராதீர்கள். அவை மதகுருமாருக்கும் கர்ப்பிணித் தாய்மாருக்கும்.

ஒட்டுசுட்டானும் குளமும்

ஏ34இல் ஒலுமடு, கரிப்பட்டமுறிப்பு தாண்டினால் ஒட்டுசுட்டான். இறங்குங்கள். தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்குள் போவதென்றால் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும். அரைக் காற்சட்டையோடு போகாதீர்கள், சாரத்தை உடுத்துங்கள். ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்திலேதான் கற்சிலைமடு. 1803இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவில் இருந்த ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்தான். அதே வருடம் ஒக்டோபர் 31 அன்று கப்டன் வொன் டிரிபேர்க் என்பவன் அவனை இங்கே தோற்கடித்தான் என்று ஆங்கிலேயரே ஒரு கல் நாட்டினார்கள். வென்றவன் கல் நாட்டிய இடத்தைத் தோற்றவனுக்காகப் போய்ப் பார்க்கிறார்கள். கேட்டுப் போய்ப் பாருங்கள்.

அங்கிருந்து முத்தையன்கட்டுக்கு ஓட்டோ பிடிக்கலாம். ஏறுவதற்கு முன்பே போகவும் வரவும் சேர்த்து விலை பேசுங்கள், ஓட்டோக்கார அண்ணையின் போன் இலக்கத்தையும் வாங்கிவிடுங்கள். திரும்பி வர பஸ் இல்லை என்றால் அந்த இலக்கம்தான் உங்கள் பஸ்.

குளத்தில் என்ன செய்வது என்று அந்தத் தம்பி கேட்டான். ஒன்றும் செய்ய வேண்டாம் என்றேன். குளக்கட்டில் நடந்து போங்கள். துருசு (மதகு) பக்கம் தண்ணீர் வாய்க்காலில் இறங்குகிற சத்தம் கேட்கும். காலை ஏழரைக்குப் பிறகு மீன்பிடிக்கிறவர்கள் தெப்பத்திலும் தோணியிலும் வலை எடுத்துக்கொண்டு கரைக்கு வருவார்கள். வலையில் அநேகமாக யப்பான் மீன் (திலாப்பியா), அதிர்ஷ்டம் இருந்தால் விரால். தராசில் நிறுத்து, கம்பியில் கோத்து, மோட்டார் சைக்கிளில் தொங்கவிட்டுக்கொண்டு வியாபாரிகள் போவார்கள். பட்டுப்போன மரங்கள் தண்ணீருக்குள் நிற்கும், அதில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு இருக்கும். வெயில் ஏறுவதற்குள் இரண்டு மணித்தியாலம் போவது தெரியாது.

குளிக்க ஆசை வரும். வரட்டும். ஆனால் சனம் குளிக்கிற துறையில் மட்டும், சனம் குளிக்கிற நேரத்தில் மட்டும் இறங்குங்கள். குளங்களில் முதலை உண்டு. துருசு திறந்திருந்தால் அதற்குக் கிட்டத் தண்ணீர் இழுக்கும். மேலிருந்து பாயாதீர்கள், அடியில் மரக்கட்டை கிடக்கும். "இதிலை இறங்கலாமோ அண்ணை?" என்ற ஒரு கேள்வி உங்கள் உயிருக்குக் காவல்.

பகல் பதினொன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் நடக்க வேண்டாம். சாப்பிடுங்கள். சாப்பாட்டுக் கடையில் சோறு, பருப்பு, குளத்து மீன் குழம்பு, ஏதாவது ஒரு சுண்டல், அப்பளம். கேட்டால் தயிரும் கிடைக்கும். காட்டுத்தேன் போத்தலில் விற்பார்கள். வாங்கினால் மூடியை இறுக்கி, இரண்டு பொலித்தீன் பைக்குள் போட்டுக் கட்டுங்கள்.

காட்டுக்குள் இறங்காதீர்கள்

இதை நான் பயமுறுத்தச் சொல்லவில்லை. போர் 2009இல் முடிந்தது. கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையும் குறுக்கே கட்டிய நாடாவும் இருந்தால் அதற்கு அப்பால் ஓர் அடியும் வைக்காதீர்கள். பலகை இல்லாத இடத்திலும் தினமும் ஆட்கள் நடக்கிற பாதையை விட்டு விலகாதீர்கள். பாதையோரப் பற்றைக்குள் ஒதுங்குவதும் வேண்டாம். போன் வரைபடத்தில் காட்டுக்குள்ளால் ஒரு கோடு தெரியும், குறுக்கு வழி என்று சொல்லும். அந்தக் கோட்டை நம்பாதீர்கள். சில இடங்களில் அது முப்பது வருடத்துக்கு முந்திய வண்டில் பாதை. துருப்பிடித்த இரும்பு எதுவாக இருந்தாலும் குனிந்து எடுக்காதீர்கள். சந்தேகமாக ஏதும் கண்டால் வந்த காலடியிலேயே திரும்பி வந்து ஊரவரிடம் சொல்லுங்கள், 119க்கு அறிவியுங்கள்.

யானை பற்றியும் சொல்ல வேண்டும். மாங்குளம், ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்க வீதிகளில் பொழுது சாய்ந்தால் யானை வீதிக்கு வரும். ஆறு மணிக்குப் பிறகு நடைப்பயணமும் சைக்கிளும் கூடாது.

எனக்கு இருபத்தொரு வயதில், ஊரவன் என்ற துணிச்சலில், ஒட்டுசுட்டானில் சிநேகிதனோடு கதைத்துக்கொண்டு நின்று கடைசி பஸ்ஸை விட்டேன். நடந்து போகலாம் என்று புறப்பட்டு இரண்டு கிலோமீற்றர் போயிருப்பேன், பின்னால் லான்ட்மாஸ்டர் (இரண்டு சக்கர உழவு இயந்திரம்) சத்தம். நெல் மூட்டைக்கு மேல் இருந்த ஐயா, "எங்கை போறாய், விசரே? மேலை யானை நிக்குது" என்று ஏசி ஏற்றினார். ஒரு வளைவில் இயந்திரத்தை நிற்பாட்டி, விளக்கை அணைத்துவிட்டு, "கதையாதை" என்றார். முன்னால் வீதியின் குறுக்கே கறுப்பாக ஒரு பெரிய உருவம் அசைந்து போனது. கிளை முறிகிற சத்தம் மட்டும் கேட்டது. பத்து நிமிடம் அப்படியே இருந்தோம். கடைசி பஸ்ஸைப் பற்றி நான் இவ்வளவு சொல்வது அந்தப் பத்து நிமிடத்தால்தான்.

முல்லைத்தீவில் இரவு

பின்னேரம் நான்கு மணிக்கு முன் முல்லைத்தீவுக்குப் போய்விடுங்கள். தங்கும் விடுதிகள் அதிகம் இல்லை. புறப்படுவதற்கு முன்பே போனில் பேசி, அறை இருக்கிறது என்று உறுதிப்படுத்துங்கள். பெண்கள் தனியாகப் போவதென்றால், குடும்பமாக நடத்துகிற விடுதியா என்று கேளுங்கள், வீட்டுக்கார அம்மாவோடு ஒரு தடவை கதையுங்கள், இரவுச் சாப்பாட்டையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். பஸ்ஸில் இன்னொரு பெண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால் அரை மணித்தியாலத்தில் அவர் உங்களுக்குப் பொறுப்பாகிவிடுவார். எங்கே இறங்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் எல்லாம் சொல்லித் தருவார். என் தங்கையின் சிநேகிதி ஒருத்தி அப்படித் தனியாகப் போய், பஸ்ஸில் பழகிய ஒரு அக்காவின் வீட்டில் மத்தியானச் சாப்பாடும் சாப்பிட்டுவிட்டு வந்தாள். யாருடைய வீட்டிலாவது சாப்பிட்டால் காசு நீட்டாதீர்கள். மனம் நோகும். பழமோ பிஸ்கற்றோ தேயிலைப் பைக்கற்றோ வாங்கிக்கொண்டு போங்கள்.

முல்லைத்தீவுக் கடல் திறந்த கடல். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி இந்தக் கரையைத் துடைத்துக்கொண்டு போனது. தனியே நீந்த வேண்டாம். விடியற்காலையில் கரைக்குப் போனால் கரைவலை இழுப்பதைப் பார்க்கலாம். கயிற்றுக்கு ஆள் குறைந்தால் உங்களையும் கூப்பிடுவார்கள். பிடியுங்கள். உள்ளங்கை எரியும், ஆனால் வலை கரைக்கு வருகிறபோது அதற்குள் வெள்ளியாகத் துடிக்கிறதைப் பார்க்க நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவராக நிற்பீர்கள்.

பகலில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்கு முள்ளியவளைப் பக்கமாகப் போகலாம். நந்திக்கடல் என்ற கடல்நீரேரி ஓரத்தில் இருக்கிறது. வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிப்பது இங்கேதான். அந்த நாட்களில் வடக்கு முழுவதுமே இங்கே திரளும், பஸ்ஸும் நிறைய ஓடும், ஆனால் தங்க இடம் கிடைக்காது. அமைதி தேடி வருகிறவர்கள் வேறு நாளில் வாருங்கள்.

வட்டுவாகலைத் தாண்டும்போது

மூன்றாம் நாள் காலையில் ஏ35 வழியாகப் புறப்பட்டால் முதலில் வட்டுவாகல் பாலம். ஒடுங்கிய பழைய பாலம், இரண்டு பக்கமும் நந்திக்கடல் நீர். புதிய பாலத்துக்கான வேலை 2025இல் தொடங்கியது. அதைத் தாண்டினால் முள்ளிவாய்க்கால்.

2009 வைகாசியில் அங்கே என்ன நடந்தது என்று வாசிக்காத ஒருவர் இந்த வீதியால் போகக்கூடாது என்பது என் எண்ணம். வாசித்துவிட்டுப் போங்கள். இறங்கினால் நினைவிடத்தில் அமைதியாக நில்லுங்கள். உங்களைச் சேர்த்துப் படம் எடுக்காதீர்கள். ஊரவர்களிடம் "உங்கடை வீட்டிலை எத்தினை பேர் செத்தவை?" என்ற கேள்வியை எந்த வடிவத்திலும் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் இடைமறிக்காமல் கேளுங்கள். ஆறுதல் சொல்ல வார்த்தை தேட வேண்டாம். போனைப் பைக்குள் வைத்துவிட்டு இருந்தாலே போதும். மே 18ஐ ஒட்டிய நாட்களில் போனால் தெருவோரங்களில் முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுப்பார்கள். உப்புக் கஞ்சிதான். போரின் அந்தக் கடைசி நாட்களில் சனங்களுக்குக் கிடைத்தது அதுதான். வாங்கி முழுவதும் குடியுங்கள்.

இராணுவ முகாம்களைப் படம் எடுக்காதீர்கள். அனுமதி பெறாமல் ட்ரோன் கொண்டுபோகவே வேண்டாம்.

கிளிநொச்சி, இரணைமடு, திரும்பும் வழி

புதுக்குடியிருப்பு, உடையார்கட்டு, விசுவமடு, தருமபுரம் என்று வந்து பரந்தனில் ஏ9இல் ஏறினால் கிளிநொச்சி பக்கத்தில். இது நகரம். நல்ல கடைகள், மருந்தகம், மாவட்ட வைத்தியசாலை எல்லாம் உண்டு. காய்ச்சல், வயிற்றோட்டம் எது இருந்தாலும் இங்கே காட்டிவிட்டுத்தான் கொழும்புக்கு ஏற வேண்டும். எந்த இடத்திலும் அவசரம் என்றால் 1990, அம்புலன்ஸ், காசில்லை.

நேரம் இருந்தால் இரணைமடுச் சந்தியில் இறங்கி ஓட்டோவில் குளத்துக்குப் போங்கள். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டியது, ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கிய வேலை. கிளிநொச்சியின் வயல்களுக்கு இதுதான் தாய். கனகாம்பிகை அம்மன் கோயில் பக்கத்தில் இருக்கிறது. முத்தையன்கட்டில் பார்த்துவிட்டு இதுவும் குளம்தானே என்று நினைக்காதீர்கள். கட்டில் நின்று பார்த்தால் மறுகரை மெல்லிய கோடாகத் தெரியும், அவ்வளவு பெரிது.

திரும்பும்போது கிளிநொச்சியிலிருந்து வவுனியா பஸ்ஸை எடுங்கள். முறிகண்டியில் பஸ் நிற்கும். ஏ9இல் போகிற வாகனம் எதுவும் முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் தாண்டாது. தேங்காய் உடைப்பவர்கள் உடைப்பார்கள், நீங்கள் இறங்கிக் கை கூப்பிவிட்டு, சுடச்சுடக் கச்சான் (நிலக்கடலை) வாங்குங்கள். மணலில் வறுத்தது, தாளில் சுற்றித் தருவார்கள். இரண்டு பொட்டலமாக வாங்குங்கள். ஒன்று வவுனியா வருவதற்குள் முடிந்துவிடும், மற்றது அறைக்காரருக்கு. நடத்துநர் ஹோர்ன் அடிக்கும்போது ஓடிவந்து ஏறுங்கள், அவர் இரண்டாவது தடவை அடிக்க மாட்டார்.

வவுனியாவிலிருந்து இரவு ரயில் அல்லது பஸ். காலையில் கொழும்பு. இறங்கியதும் முகம் கழுவுவதற்கு முன் இரண்டு பேருக்குப் போன் எடுங்கள். ஒன்று விடுதி அம்மாவுக்கு, மற்றது ஒட்டுசுட்டான் ஓட்டோ அண்ணைக்கு. "போய்ச் சேர்ந்திட்டன்" என்று சொல்லுங்கள். அவர்கள் அந்த அழைப்பைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.